ஐந்தாவது கிளி

அத்தியாயம் பதினொன்று

நாலு கிளிகளைச் சொர்ணம் தைத்திருந்தாள். ஐந்தாவதைத் தைத்தது உலகநாதன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கிளியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பி மறுபக்கம் பார்த்தாள். சிரிப்பை மறைக்க முக்காட்டுத் துணியை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"இன்னா தம்பி இது? இந்தப் பக்கம் பட்டு கணக்கா கீது. அந்தப் பக்கம் அம்மை போட்ட மாதிரி கீது."

"துணியோட பின்பக்கம் வெளியே வந்துடுச்சுக்கா."

"அது எப்டி வரும்?"

எப்படி வந்தது என்று உலகநாதனுக்குத் தெரியும்.

கிளிக்கு இரண்டு பாதி. ஒரு பாதியைச் சொர்ணமே வெட்டி வைத்திருந்தாள். மறுபாதிக்குத் துணி மிச்சம் இருந்தது, உள்ளங்கை அகலம். அவள் காலண்டர் அட்டையில் வெட்டிய கிளியை அதன்மேல் வைத்தான். பென்சிலைக் கூராகச் சீவி, ஓரம் பிசகாமல் வரைந்தான். வெட்டினான். இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கிளியும் ஒரே திசையைப் பார்த்தன. மூக்கோடு மூக்கு சேர வேண்டுமானால் ஒன்றைப் புரட்டித்தான் போட வேண்டும். அட்டையை முதலிலேயே திருப்பி வைத்திருக்க வேண்டும்.

பட்டாளத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில் அவன் டிராப்ட்ஸ்மேன். இடது பக்கத்துப் பாகத்தை வரைந்தால், 'வலது பாகம் இதற்கு நேர் எதிராக' என்று கீழே எழுதுவது அவனுக்கு அன்றாட வேலை. துணிக்கும் முகம் உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

கிளிப்பச்சைத் துணி. அதில் பொடிப்பொடியாகச் சரிகைப் புட்டா. முன்பக்கம் புட்டா மின்னியது. பின்பக்கம் அறுத்துவிட்ட நூல் முனைகள் கொசகொசவென்று நின்றன.

உள்ளே கண்ணாடி முன் நின்றிருந்த ஜோசப்ராஜ், முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். அவரும் அதே தொழிற்சாலைதான். வெல்டர்.

"நைனா, டாங்கியை மட்டும் இந்த மாதிரி படம் போட்டுடாத. டிரைவர் வெளிய குந்திகினு இருப்பான்."

"நீங்க மொதல்ல மூஞ்சிய செரைங்க, பூசைக்கு நேரமாச்சு" என்றாள் ஆரோக்கியம்மாள். பிறகு குரலைத் தணித்தாள். "எங்கிட்ட வேற பச்சைத் துணி கீது தம்பி. பிரிச்சுக் குடுங்க, மிஷின்ல ரெண்டு நிமிசம்."

"வேணாம்க்கா. இதே துணியா இருக்கட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை.

மனைவி சொர்ணம் போய்ச்சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பிரசவத்துக்குத் திருமழிசைக்கு, அக்கா தாட்சாயிணி வீட்டுக்குப் போனாள். பெண் பிறந்தது. மூன்றாம் நாள் தாய்க்கு ஜன்னி கண்டது. அவ்வளவுதான். குழந்தை அங்கேயே தங்கிவிட்டது. தாட்சாயிணிக்கும் கைக்குழந்தை இருந்தது. தன் பிள்ளையை ஒரு பக்கமும் தங்கை பிள்ளையை மறுபக்கமும் போட்டுப் பால் கொடுத்தாள்.

போன வாரம் தாட்சாயிணியின் புருஷன் நாகப்பன் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றான். குழந்தையைத் தாங்களே வளர்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஆடி பிறக்குமுன் தொட்டில் போட்டுப் பெயர் வைத்துவிட வேண்டும், இந்த ஞாயிறை விட்டால் நாள் இல்லை என்றான். அவர்கள் ஜனத்தில் அது சாதாரணப் பேச்சு இல்லை. முதல் தொட்டில் எந்த வீட்டில் ஏறுகிறதோ, பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை.

"உங்க இஷ்டம்" என்றான் உலகநாதன். யார் எதைக் கேட்டாலும் அப்போது அவன் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம்தான் ஆரோக்கியம்மாள் ஒரு துணிப்பையோடு வந்தாள். பூவேலைக்கு மாட்டும் மரவளையம் ஒன்று, முழுக்க மஞ்சள் ரிப்பன் சுற்றியது. அதிலிருந்து தொங்கும் நாலு கிளிகள். இலவம்பஞ்சு அடைத்த வயிறு, சிவப்புக் கம்பளி மூக்கு, கருகமணிக் கண். தொட்டிலுக்கு மேல் கட்டுவது. ஐந்தாவது கிளி ஓரம் மடித்துத் தைத்த ஒரே பாதியாக இருந்தது. ஊசி அதில் குத்தியபடியே நின்றது.

"எங்க மிஷின்லதான் தச்சுது. முடிக்காம போயிடுச்சு. உங்ககிட்ட எப்டிக் குடுக்கறதுன்னே தெரியல தம்பி" என்று அன்று சொன்னாள்.

ஏன் இங்கே வைத்துத் தைத்தாள் என்று அவன் அன்று கேட்கவில்லை. இப்போது கேட்டான்.

ஆரோக்கியம்மாள் பெருமூச்சு விட்டாள். "பொறக்காத புள்ளைக்கு ஒரு கந்தல்கூட தைக்கக் கூடாதாமே உங்க ஜனத்துல? மொதல் துணியே அடுத்த ஊட்டுப் பழசுதானாமே? அவங்க அக்கா நூறு தடவ சொல்லி அனுப்பிச்சாங்களாம். தெரிஞ்சா கொன்னுடுவாங்கக்கா, உங்க ஊட்லயே கெடக்கட்டும்னுச்சு. உங்ககிட்டயும் சொல்ல வேணாம்னுச்சு."

"எங்கிட்ட ஏன்?"

"நீங்க சிரிப்பீங்களாம்."

உலகநாதன் கிளிகளைப் பையில் வைத்தான். சிரித்திருப்பான். அது உண்மைதான்.

"இன்னிக்கு உங்க பொண்ணு மேல மாட்டிட்டு வாங்க" என்றாள் அவள். "அது மேல பாத்துகினே தூங்கட்டும்."

"ம். குழந்தைக்குக் குடுத்துட்டு வரேன்."

வீட்டைப் பூட்டுமுன் உள்ளே ஒரு தடவை பார்த்தான். படுக்கும் அறையின் ஜன்னலோர மூலை காலியாக இருந்தது. போன வருஷம் சொர்ணம்தான் அங்கிருந்த அலமாரியை நகர்த்தச் சொன்னாள். கூரையில் ஒரு கொக்கி வேண்டும் என்றாள். மின்விசிறிக்கா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவனும் ஜோசப்ராஜும் உளியால் குழி பறித்து, கொக்கியை வைத்து, சிமெண்ட் பூசினார்கள். ஆனையே தொங்கலாம் என்றார் ஜோசப்ராஜ். மின்விசிறி வாங்கும் பேச்சை அதன் பிறகு அவள் எடுக்கவேயில்லை. அவனும் கேட்கவில்லை.

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

* * *

பூந்தமல்லியில் பஸ் மாறினான். திருமழிசை போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பை மடியில் இருந்தது. வளையம் பைக்குள் முழுதாக அடங்கவில்லை. ஒரு கிளி வெளியே எட்டிப் பார்த்தது.

முன் சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னா வெலைப்பா அது?"

"விக்கறதில்ல."

"மாங்காட்டுத் திருநாள்ல இத்த மாதிரி வித்தாங்க. இவ்ளோ சோக்கா இல்ல. யாருக்கு, கொழந்தைக்கா?"

"ஆமா."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"இன்னா பேரு?"

"இன்னும் வைக்கல."

"எத்தினி மாசம்?"

"அஞ்சு."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஐந்து மாதமாகப் பெயர் வைக்காத தகப்பனை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, கூடையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உலகநாதன் எட்டிப் பார்த்த கிளியை உள்ளே தள்ளினான். அது மறுபடி எட்டிப் பார்த்தது.

நெடுஞ்சாலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லாரிகள் எதிரே வந்தன, போயின. சொர்ணம் கூட இருந்தால் இந்தப் பாதையில் வாய் ஓயாது. அது யார் வீடு, இது யார் நிலம், இந்தக் கிணற்றில்தான் இன்னார் மாடு விழுந்தது. அவன் காதில் வாங்கியதேயில்லை. இப்போது ஒவ்வொரு கிணறாகப் பார்த்தான். மாடு விழுந்தது எது என்று தெரியவில்லை.

* * *

திருமழிசை வீட்டில் நாகப்பன் ஸ்டூல்மேல் ஏறி நின்று உத்திரத்தில் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். கீழே, யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கிய மரத்தொட்டில் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஏலக்காய் வாசனை வந்தது. பாயசம்.

"வா சகலை. கரெக்டான நேரத்துக்கு வந்துகீற. இந்தக் கயித்தக் கொஞ்சம் புடி."

உலகநாதன் பையைப் பாயோரமாக வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். தன் பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, கை அசையவில்லை.

அடுக்களையிலிருந்து தாட்சாயிணி வந்தாள். சொர்ணத்தைவிட ஆறு வயது மூத்தவள். அதே நெற்றி. அதனால் அவன் அவளை நேராகப் பார்ப்பதில்லை.

"இன்னா தம்பி இப்டி எளைச்சுப் போயிகீற? சோறு துன்றியா, காத்தக் குடிக்கிறியா?"

"சாப்பிடறேன்க்கா."

"யாரு ஆக்கிப் போடறா, அந்தக் கொழாயடி ஓட்டல்காரனா? இரு, பாயசம் எறக்கிட்டு மோர் கொண்டாறேன்."

பாயில் சொர்ணத்தின் குழந்தை குப்புறக் கிடந்தது. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவனும் பார்த்தான். வரும்போதெல்லாம் இப்படித்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட அவன் அதைத் தூக்கியதில்லை. யாரும் தூக்கச் சொல்லவுமில்லை.

கயிறு கட்டியாயிற்று. உலகநாதன் பையிலிருந்து வளையத்தை எடுத்தான். ஐந்து கிளிகளும் நூலில் சுழன்றன.

"அடி சக்கை!" என்றான் நாகப்பன். "எந்தக் கடையில புடிச்ச? தாட்சாயிணி, இங்க வா. உங்க தம்பி இன்னா கொண்டாந்துகீறான் பாரு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கிளியைப் பிடித்துத் திருப்பினாள். சிரிப்பு அப்படியே நின்றது.

கட்டைவிரலால் புட்டாவைத் தடவினாள்.

"இந்தத் துணி ஏது?"

உலகநாதன் வளையத்தைத் தாழ்த்திப் பிடித்தான்.

"உன்னத்தான் கேக்கறேன் தம்பி. இது ரவிக்கத் துணி. அவ வளைகாப்புக்கு நான் வச்சுக் குடுத்தது. காஞ்சிபுரம் போயி, பத்துக் கடை ஏறி எறங்கி வாங்குனேன்."

அது அவனுக்குத் தெரியாது.

"தச்சுப் போட்டியாடின்னு ரெண்டு தபா கேட்டேன். தச்சுட்டேன்க்கா, கை டைட்டா கீதுன்னா. சரி, அவளுக்குப் புடிக்கல போலன்னு உட்டுட்டேன். கடைசியில அவளக் குளிப்பாட்டி உடுத்தறப்போ அவ பொட்டியத் தலகீழா கொட்டித் தேடினேன். இத்தப் போட்டு அனுப்பலாம்னு. கெடைக்கல. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா போலன்னு... செத்தவ மேல கோவப்பட்டுகினே கொள்ளி வைக்க அனுப்பிச்சேன் தம்பி."

கிளியின் மூக்கைத் தொட்டாள். கண்மணியைத் தொட்டாள். அவள் முகம் இளகி வந்தது. பாதியில் சட்டென்று இறுகியது.

"எப்பத் தச்சா இத்த?"

நாகப்பன் ஸ்டூலிலிருந்து அவசரமாகக் குறுக்கிட்டான். "துணி ஊட்ல கெடந்துருக்கும். பக்கத்து ஊட்டம்மா மிஷின் வச்சுகீதுல்ல, அது இப்பத் தச்சுக் குடுத்துருக்கும். இன்னா சகலை?"

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தான். பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொட்டில் ஏறும். பாயசம் பரிமாறுவார்கள். கிளிகள் இந்த வீட்டில் தொங்கும். தைத்தவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"சொர்ணம்தான் தச்சா" என்றான் உலகநாதன். "வயித்துல இருக்கும்போது."

தாட்சாயிணி கையை இழுத்துக்கொண்டாள். சுட்டுக்கொண்டவள் மாதிரி.

"சொன்னேனே! தலபாடா அடிச்சுக்கினேனே! ஒரு கந்தத்துணி எடுத்து வைக்காதடி, ஒரு நூலு கோக்காதடின்னு. சரிக்கா, சரிக்கான்னு தலையாட்டினாளே! தொட்டில்ல படுக்க ஆளு வர்றதுக்கு மின்னாடி தொட்டிலுக்கு ஜோடனையா? அதான்... அதான் புள்ளயப் போட்டுட்டு அவளே போயிட்டா."

"அதனாலன்னு இல்லக்கா."

"ஆமா, நீ காலேஜு படிச்சவன். உனக்கு ஒண்ணாலயும் ஒண்ணும் இல்ல." அவள் குரல் உடைந்தது. வளையத்தை எடுத்துப் பாய்மேல் எறிந்தாள். "எடுத்துகினு போ இத்த. எங்க ஊட்டு உத்திரத்துல இது ஏறாது."

அடுக்களையில் பாயசம் கொதிப்பது மட்டும் கேட்டது.

உலகநாதன் உத்திரத்தைப் பார்த்தான். புதுக்கயிறு. அதன் முடிச்சில் தன் கைப்பிடியும் இருந்தது.

"அது ஏறலைன்னா தொட்டிலும் வேணாம்க்கா" என்றான்.

"இன்னா?"

"தொட்டில் இங்க கட்ட வேணாம். எங்க ஊட்ல கொக்கி இருக்கு. அவ கேட்டா, நான்தான் வச்சேன்."

ஐந்து மாதத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நாகப்பன் ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினான். தாட்சாயிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொக்கி கீதா? பாலு? உன் கொக்கி பாலு கறக்குமா?"

அவன் பார்வை மரத்தொட்டிலுக்குப் போயிற்று.

"காலையில சங்கு ஊதுனா நீ ஓடுவ. பொழுது சாஞ்சு வருவ. நடுவுல யாரு பாப்பா? ஒரு நா தூக்கினியா நீ? ஒரே ஒரு நா? வருவ, வாசல்ல குந்துவ, மோரு குடிப்ப, போவ. உன்னப் பாத்தா அது யாரோ மீட்டர் பாக்க வந்த ஆளுன்னு நெனைக்குது!"

"தெரியலக்கா" என்றான். "எப்படின்னு தெரியல. ஆனா வேணாம்."

அவள் பதிலுக்கு வாயெடுக்குமுன் பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. மூச்சு முட்டும் முக்கல்.

மூவரும் திரும்பினார்கள்.

குழந்தை உருண்டுவந்து வளையத்தின்மேல் கிடந்தது. சொர்ணம் தைத்த கிளிகளை அது தொடவில்லை. அவை வழுவழுவென்று இருந்தன, பிடி கிடைக்காது. ஐந்தாவது கிளியின் பின்பக்கத்து நூல் பிசிறுகள் அதன் விரலுக்குள் நன்றாகச் சிக்கியிருந்தன. கொத்தாகப் பிடித்து, கிளியின் தலையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது.

தாட்சாயிணி பாய்ந்து போய்ப் பிடுங்கினாள். குழந்தை விடவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். குழந்தை வீறிட்டது. ஆனால் பிடி தளரவில்லை.

"உடுடி. உடுடீன்றேன். பிடிச்சா உடாது பாரு, அப்டியே அவ..."

முடிக்கவில்லை. கையிலிருந்த கிளியையே பார்த்தாள். கோணல் தையல். மூக்கு இடம் மாறியிருந்தது.

"இது அவ தச்சது இல்லியே. யாரு தச்சா இத்த?"

"நான்."

"நீயா?"

"துணி அவ்வளவுதான் மிச்சம் இருந்துது. திருப்பி வச்சு வெட்டிட்டேன்."

தாட்சாயிணியின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "டாங்கி பண்றானாம் டாங்கி" என்று முணுமுணுத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இந்தக் கூச்சலில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவள் பிள்ளை தேவராஜ் எழுந்து அலறத் தொடங்கினான். அவள் பழக்கத்தில் குழந்தையை வாரி எடுத்தாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே, "புடி" என்று நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

உலகநாதன் பிடித்தான்.

கனமாக இருந்தது. அவன் நினைத்திருந்ததைவிட அதிகக் கனம். கழுத்தை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, கழுத்து தானாகவே நின்றது. அது எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. குழந்தை விம்மலை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பையில் இருந்த பென்சிலைப் பார்த்தது. கிளி அதன் பிடிக்குள் இருந்தது. வளையம் நூலோடு அவன் வயிற்றில் இடித்துக்கொண்டு தொங்கியது. சட்டை ஈரமாயிற்று. எச்சில் இல்லை.

"பன்னீர் தெளிச்சுட்டா" என்றான் நாகப்பன் மெதுவாக.

தாட்சாயிணி தேவராஜைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நிலைப்படியில் நின்றாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை மடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கயித்த அவுரு" என்றாள் புருஷனிடம்.

"ஜனங்க வருவாங்களே?"

"பாயசம் குடிச்சுட்டுப் போவட்டும். ஆடி கழிஞ்சு ஆவணியில பாத்துக்கலாம்." உலகநாதன் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். குடுத்துட்டேன்னு சொல்லல."

"சரிக்கா."

"வர்ற ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வரேன். அந்தக் கொக்கி புள்ளயத் தாங்குமான்னு என் கண்ணால பாக்கணும். தாங்கலன்னா இந்தப் பேச்சே கெடையாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சொர்ணத்தை எடுத்த அன்று, ஆவடி வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொன்னவள் அவள்.

கத்தரிக்கோல் கொண்டுவந்து ஐந்தாவது கிளியின் நூலை அவளே வெட்டினாள். கிளி குழந்தையின் கையோடு நின்றது. "மத்தத எடுத்துகினு போ. இத்த நான் பிரிச்சுத் தைக்கறேன். உன் தையலுக்குப் பஞ்சு வெளிய வந்து புள்ள வாயில பூந்துடும்."

பிறப்பதற்கு முன் தைத்தது, பின் தைத்தது என்று அவள் அப்புறம் பேசவில்லை.

* * *

நாகப்பன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். வழியெல்லாம் பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே வந்தான்.

"நெசமாவா சொன்ன சகலை?"

"ம்."

"உன் புள்ள. உனக்கு இல்லாத பாத்தியதையா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தான். "ராவுல ரெண்டு பக்கமும் ரெண்டையும் போட்டுகினுதான் படுக்கறா. நடுவுல திரும்பக்கூட மாட்டா. ஒரு பக்கம் காலியாச்சுன்னா இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

பஸ் வந்தது. உலகநாதன் ஏறினான். காலியான பக்கம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தன்னைத் தவிர வேறொருவருக்கும் அது வரும் என்று இதுவரை நினைத்ததில்லை. நாகப்பன் கையைத் தூக்கினான். இவன் தூக்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ஆவடியில் இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு ரேடியோ பாடியது. தன் வீட்டுப் பூட்டைத் திறந்தான். காலையில் மூடி வைத்த காற்று அப்படியே இருந்தது.

நாற்காலியைக் காலி மூலைக்கு இழுத்துப் போட்டு ஏறினான். வளையத்தைக் கொக்கியில் மாட்டினான்.

வளையம் சாய்ந்தது. ஐந்து இடத்தில் நாலுதான் தொங்கியது. எதிர்ப்பக்கத்துக் கனம் இழுத்தது. நூல்களைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி இடைவெளியைச் சமமாக்கினால் நேராகிவிடும். அவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஒரு நூலைத் தொட்டான். விட்டுவிட்டான். ஐந்தாவதின் இடம் அப்படியே இருக்கட்டும்.

"வந்துட்டீங்களா தம்பி?" திறந்த கதவு வழியே ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். கையில் மூடிய கிண்ணம். "கொஞ்சம் கொழம்பு கொண்டாந்தேன். அய்ய, ஏன் திருப்பி எடுத்துகினு வந்துட்டீங்க? மாட்டலியா?"

"மாட்டிட்டேனேக்கா. இங்க."

அவள் ஒரு கணம் விழித்தாள். மேலே பார்த்தாள். அந்த மூலையையும் கொக்கியையும் கிளிகளையும் சேர்த்துப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சாஞ்சுகினு கீதே. அஞ்சாவது எங்க?"

"எம் பொண்ணுகிட்ட இருக்கு."

சொன்ன பிறகுதான் அவன் காதிலும் அது விழுந்தது. ஆரோக்கியம்மாள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு போனாள்.

உலகநாதன் நாற்காலியிலேயே நின்றான். காலையில் கையில் வாங்கிய கனம் இன்னும் முழங்கைக்குள் இருந்தது. அந்தக் கனத்தை நினைத்துக்கொண்டு, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தான்.

கொக்கி கைக்குள் லேசாகத் திரும்பியது.

சிமெண்ட் ஒரு சிட்டிகை உதிர்ந்து அவன் இமையில் விழுந்தது.